இரும்புச் சறுக்கு இல்லாத விளையாட்டுத் திடல்: கல்லிடைக்குறிச்சி

கல்லிடைக்குறிச்சியில் கன்னடியன் கால்வாயிலிருந்து கூப்பிடு தூரத்தில், 22 சென்ட் இடத்தில், அப்பளத் தொழில் செய்யும் ஓர் அம்மா பிள்ளைகளுக்காக ஒரு விளையாட்டுத் திடல் போட்டிருக்கிறார். பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் யானை பொம்மை கிடையாது, பெயின்ட் அடித்த சறுக்கு கிடையாது. மண், தண்ணீர், மரம், கல், கயிறு, தென்னை மட்டை, இவ்வளவுதான் சாமான். சேரன்மகாதேவியிலிருந்து என் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கொஞ்ச காலமாகவே போய் வருகிறேன். வீட்டில் மூன்று வயதுக்கு மேல் பன்னிரண்டு வயதுக்குள் பிள்ளை இருந்தால் அவசியம் போங்கள். குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

நான் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். பிள்ளைகள் விளையாடும் இடம் என்றாலே என் கண் துருப்பிடித்த ஆணி, தேங்கிய தண்ணீர், பூனை எச்சம் இவற்றைத்தான் முதலில் தேடும். இந்தத் திடலுக்கு முதலில் போனபோதும் அப்படித்தான் தேடினேன். தேடிய இடத்திலெல்லாம் எனக்கு முன்பே அந்த அம்மா தேடி முடித்திருந்தார். இந்த இடத்தின் மேல் எனக்கு மரியாதை வந்தது அதனால்தான். இயற்கை விளையாட்டுத் திடல் என்றால் இடத்தைச் சும்மா போட்டு வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போட்டால் சீமைக்கருவேலமும் பாம்பும்தான் வரும். இங்கே தினமும் காலையில் ஒன்றரை மணி நேர வேலை நடக்கிறது, அதைச் செய்வது அவர்தான்.

அவருக்குச் சொந்தமாகப் பையன் ஒருவன், பெண் ஒருத்தி. குடியிருக்கும் தெருவில் பிள்ளைகள் விளையாட முடியாதபடி பைக்குகள் பறக்கின்றன. பக்கத்தில் இருந்த ஒரு பூங்காவில் இரும்புச் சறுக்கு ஒன்று உண்டு. நம் ஊர் வெயிலுக்குக் காலை பத்து மணிக்கே அதில் உட்கார முடியாது. ஊஞ்சல் சங்கிலி அறுந்து போனது, அதை யாரும் திரும்ப மாட்டவில்லை. மாமனார் வழியில் வந்த இந்த இடம் அப்போது முழுக்கக் கருவேலங்காடாகக் கிடந்ததாம். மனை போட்டு விற்கச் சொன்னவர்கள், கார் நிறுத்த ஷெட் போட்டு வாடகைக்கு விடச் சொன்னவர்கள் எல்லாரும் இருந்திருக்கிறார்கள். அவர் ஜேசிபி கொண்டுவந்து கருவேலத்தை வேரோடு எடுத்தார். மேலே மட்டும் வெட்டினால் அது மறுபடி தழைத்துவிடும் என்பது நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அங்கே முன்பே நின்ற வேம்பு, இரண்டு பூவரசு, ஒரு நாவல், மூன்று தென்னை இவற்றை மட்டும் விட்டுவிட்டார். முருங்கை ஒன்றும் நின்றதாம். முருங்கைக் கிளை சொல்லாமல் முறியும், பிள்ளைகள் ஏறாமலும் இருக்க மாட்டார்கள் என்று அதை எடுத்துவிட்டார். முருங்கைக்கீரைக்காக இப்போது வீட்டு வாசலில் வேறொரு மரம் வைத்திருக்கிறார்.

உள்ளே போனதும் முதலில் காலில் படுவது ஆட்டுரல். கிரைண்டர் வந்தபிறகு ஊரில் எத்தனை வீட்டுப் புறவாசலில் ஆட்டுரலும் உரலும் அம்மியும் மழையில் கிடக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். அவற்றைக் கேட்டு வாங்கி, பாதி மண்ணுக்குள் புதைத்து, பிள்ளைகள் தாண்டித் தாண்டிப் போகும் பாதையாக்கியிருக்கிறார். கூர்முனை கிடையாது. எத்தனையோ வருஷம் மாவரைத்து மழமழவென்று ஆன கல். குழி உள்ள உரல்களில் மண்ணை நிரப்பிக் கெட்டித்திருக்கிறார், மழைத் தண்ணீர் நிற்காது. கல்லுக்குக் கல் இடைவெளி ஒரே அளவாக இல்லை. சில இடத்தில் என் நாலு வயதுப் பையன் எட்டி வைக்கலாம், சில இடத்தில் குதித்தே ஆக வேண்டும். அந்த ஏற்ற இறக்கம்தான் பிள்ளைகளை நின்று யோசிக்க வைக்கிறது. சிமென்ட் படியில் ஒரே அளவு என்பதால் அவர்கள் கீழே பார்ப்பதே இல்லை.

அடுத்தது மணல். தாமிரபரணி மணலை அள்ளிக்கொண்டு வருவது தப்பு, அந்தப் பக்கமே அவர் போகவில்லை. எம்-சாண்ட் முனை முனையாக இருக்கும், தூசியும் அதிகம், பிள்ளைகள் முழங்கால் போட்டு உட்கார லாயக்கில்லை. ஊரில் பழைய வீடு ஒன்றை இடித்தபோது தரைக்கு அடியில் நிரப்பியிருந்த அந்தக் காலத்து ஆற்று மணல் கிடைத்தது. அதைச் சலித்து, கழுவி, காயவைத்துப் போட்டிருக்கிறார். ஒரு சிறிய படுக்கையறை அளவு குழி, முழங்கால் ஆழம், அடியில் தண்ணீர் வடிய ஜல்லி. அதிலும் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தண்ணீர் உள்ளே புகுந்து முக்கால்வாசி மணல் போய்விட்டது. மறுபடி சேர்க்க ஏழெட்டு மாதம் ஆயிற்று என்றார். இப்போது குழியைச் சுற்றி ஓரடி உயரத்துக்குக் கருங்கல் வரம்பு கட்டியிருக்கிறார். அதில் தாத்தா பாட்டிமார் உட்காரவும் வசதி.

மணல் குழியில் எனக்கு இருந்த பெரிய கவலை பூனை. திறந்து கிடக்கும் மணலைப் பூனை கழிப்பிடமாக்கிவிடும், அதிலிருந்து பிள்ளைகளுக்குப் புழுத் தொற்று வரும். இங்கே ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடி, நான்கு மூலையிலும் கல் வைக்கிறார்கள். காலையில் தார்ப்பாயை எடுத்து, வெயில் படும்படி மணலைக் கிளறிவிடுகிறார். இரண்டு மூன்று பெற்றோர் முறை வைத்து உதவுகிறார்கள். செருப்பில்லாமல் விளையாடுகிறார்களே, கொக்கிப்புழு ஏறாதா என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். மனிதக் கழிவு கலந்த மண்ணில்தான் கொக்கிப்புழு வளர்ந்து பாதத்தின் வழியே ஏறும். திடலைச் சுற்றி வேலி இருக்கிறது, வெளியாள் யாரும் உள்ளே ஒதுங்குவதில்லை. என்றாலும் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் அல்பெண்டசோல் என்ற குடற்புழு நீக்க மாத்திரையைத் தவறாமல் போடுங்கள். இந்தத் திடலுக்கு வந்தாலும் வராவிட்டாலும் அது வேண்டும்.

இந்த இடத்தின் உயிரே தண்ணீர்தான். நடுவில் ஓர் அடிபம்பு இருக்கிறது. பிள்ளை அடித்தால்தான் தண்ணீர் வரும். குழாயைத் திறந்துவிட்டு நின்று வேடிக்கை பார்க்கும் சங்கதி இங்கே இல்லை. பம்பிலிருந்து விழும் தண்ணீர், குடைந்த பனந்தடி வழியாக ஓடி, மண்ணில் வெட்டிய வாய்க்கால்களுக்குப் போகிறது. வாய்க்கால் இரண்டாகப் பிரிந்து, மறுபடி நான்காகப் பிரிகிறது. ஒவ்வொரு பிரிவிலும் சின்னப் பலகை, அதைத் தூக்கினால் மடை திறக்கும், இறக்கினால் அடைக்கும். கடைசியில் எல்லாத் தண்ணீரும் வாழைக்கும் சேம்புக்கும் போய்ச் சேர்கிறது. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வயல் வைத்திருக்கும் ஊர் இது. மடை திறப்பதும் அடைப்பதும் இந்தப் பிள்ளைகளின் தாத்தாக்கள் தினமும் செய்த வேலை. பேரப்பிள்ளைகளுக்கு அது இப்போதுதான் கைக்கு வருகிறது.

என் மகளுக்கு ஏழு வயது. வீட்டில் ஓர் இடத்தில் பத்து நிமிடம் உட்கார மாட்டாள். இங்கே வாய்க்கால் கரையில் முழுச் சாயங்காலமும் இருப்பாள். ஒருநாள் கேட்டுக்கொண்டிருந்தேன். மேலே ஒரு பையன் மண்ணைக் குவித்து வாய்க்காலை அடைத்து அணை கட்டிவிட்டான். கீழே நின்ற இவள், "ஏல, அங்கன அடைக்காத, எனக்குத் தண்ணி வரல" என்று கத்துகிறாள். அவன், "நீ வேணா வந்து பம்பு அடி, நான் தொறந்து விடுதேன்" என்கிறான். இவள் போய் அடித்தாள், அவன் திறந்தான். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேருமாகச் சேர்ந்து இன்னும் பெரிய அணை ஒன்று கட்டினார்கள். இதற்குள் எந்தப் பெரியவரும் தலையிடவில்லை. நானும் போகவில்லை. அந்த அம்மா தூரத்தில் மட்டை சீவிக்கொண்டே ஒரு கண் வைத்திருந்தார். நம் தெருக்களில் முன்பு பிள்ளைகள் தாமாகவே சண்டை போட்டுத் தாமாகவே தீர்த்துக்கொள்வார்கள். அதற்கு இப்போது இடமும் இல்லை, நேரமும் இல்லை. இது ஒன்றுக்காகவே எனக்கு இந்தத் திடல் முக்கியம்.

தண்ணீர் என்றால் டெங்கு பயம் வரும். வீடு வீடாகப் போய்த் தொட்டியையும் தேங்காய்ச் சிரட்டையையும் பார்த்து வருகிறவள் நான், அதனால் இதில் கறாராக இருப்பேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஆவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். திடலை மூடும் முன் எல்லா மடைகளையும் திறந்து வாய்க்காலை வடியவிடுகிறார்கள். சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கிறார்கள். அந்த வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டார். சாயங்காலம் ஆறரைக்கு ஒரு தட்டைத் தட்டினால் எல்லாரும் ஓடிப்போய்ச் சிரட்டை கவிழ்க்கிறார்கள். டயர் ஒன்றுகூட உள்ளே கிடையாது. பழைய டயரில் விளையாட்டுச் சாமான் செய்வது இப்போது பல ஊர்களில் நடக்கிறது. ஓட்டை போட்டு வடியவிடாவிட்டால் டயருக்குள் தண்ணீர் நிற்கும். டயர் வேண்டாம் என்று அவர் எடுத்த முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது.

மரம் ஏறுவதற்கு இரண்டு பூவரசுகளும் நாவலும். பூவரசு ஏறத் தோதான மரம், தாழவே கவடு விட்டிருக்கிறது. கிளையில் தேங்காய்நார்க் கயிறு முடிச்சுப் போட்டுத் தொங்குகிறது. மரத்துக்கு அடியில் தும்புக் கழிவையும் மரச் சீவலையும் ஓரடிக்கு மேல் கனமாகப் பரப்பியிருக்கிறார்கள். கிளையில் ஓர் உயரத்தில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது, அதற்கு மேல் போகக் கூடாது. துணி இருப்பது ஏறக்குறைய என் நெஞ்சுயரம். நாவல் மரத்தில் மட்டும் பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள்தான் ஏறலாம். அதுவும் பழக் காலத்தில் கிடையாது. பழத்துக்கு ஆசைப்பட்டு நுனிக் கிளைக்குப் போய்விடுவார்கள்.

இங்கே ஒரு விதி இருக்கிறது. முதலில் கேட்டபோது கொஞ்சம் கடுமையாகத்தான் தெரிந்தது. பெரியவர்கள் பிள்ளையைத் தூக்கி மரத்தில் ஏற்றிவிடக் கூடாது. ஒரு தாத்தா பேரனை இடுப்பில் பிடித்துக் கவட்டில் உட்காரவைக்கப் போனார். அந்த அம்மா ஓடிவந்து, "அண்ணாச்சி, தூக்கி விடாதீய. அவனா ஏறுனாத்தான் அவனா எறங்குவான்" என்றார். அவர், "பேரன் ஆசப்படுதாம்லா" என்றார். "ஆசப்படட்டும். இன்னும் ரெண்டு மாசத்துல ஏறிருவான், பாத்துக்கிட்டே இருங்க." தாத்தாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் விதி சரியானது. தன் கையும் காலும் எட்டாத உயரத்துக்குப் போன பிள்ளைக்கு அங்கிருந்து இறங்கும் வழி தெரியாது. கைமுறிவு என்று வரும் பிள்ளைகளில் எத்தனை பேர் மாடிப்படிக் கைப்பிடியிலும் மதில் சுவரிலும் ஏற்றி உட்காரவைக்கப்பட்டவர்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். ஏறத் தெரிந்த உயரம்தான் இறங்கத் தெரிந்த உயரம். "விழுந்துருவே, எறங்கு, எறங்கு" என்று கீழே நின்று கத்துவதற்கும் இங்கே அனுமதி இல்லை. கத்தினால் பிள்ளை கையைப் பார்க்காமல் அம்மாவைப் பார்க்கும். அப்போதுதான் வழுக்கும்.

காயமே படாதா? படும். என் பையனுக்கு முழங்கால் சிராய்த்திருக்கிறது, மகளுக்கு உள்ளங்கையில் தும்பு ஏறியிருக்கிறது. அந்த அம்மா ஒரு நீள நோட்டு வைத்து யாருக்கு, எங்கே, எதனால் அடிபட்டது என்று எழுதி வைக்கிறார். நான் புரட்டிப் பார்த்தேன். சிராய்ப்பு, முள், எறும்புக் கடி, நசுங்கிய விரல், ஒரு மணிக்கட்டு முறிவு. அந்த மணிக்கட்டு முறிவு, ஈரமாக இருந்த ஆட்டுரலில் ஓடும்போது வழுக்கியதால் வந்தது. அதற்குப் பிறகு பம்புப் பக்கமிருந்த நான்கு கற்களை எடுத்து வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார். அடிபட்டதை மறைக்காமல் எழுதி வைத்து, எழுதியதைப் பார்த்து இடத்தை மாற்றுவது எங்கள் மருத்துவமனை வேலையிலேயே எல்லாராலும் முடிகிற காரியமில்லை. முதலுதவிப் பெட்டியில் சோப்பு, சுத்தமான துணி, பஞ்சு, முள் எடுக்கும் சாமணம், எல்லாம் தேதி தாண்டாமல் இருந்தன. ஒன்று மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். காயத்தின் வழியே வரும் ரணஜன்னியையும் தடுக்கும் ஊசி டிபிடி. ஒன்றரை வயதில் போடும் அதன் ஊக்கத் தடுப்பூசியும், ஐந்து வயதுக்கு மேல் ஆறுக்குள் போடும் இரண்டாவது ஊக்கத் தடுப்பூசியும் போட்டாயிற்றா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் டிடி தடுப்பூசி உண்டு. பள்ளியில் சேர்த்தபிறகு பல வீடுகளில் அந்த அட்டை எங்கே என்றே தெரிவதில்லை.

வேம்புக்கு அடியில் ஒரு குவியல் இருக்கும். தென்னை மட்டை, பாளை, குரும்பை, பனங்காய், நுங்குக் கூந்தல், மூங்கில் துண்டு, கோணி, கயிறு, கருங்கல் சில்லு. என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. பெரிய பையன்கள் நுங்குக் கூந்தலில் வண்டி செய்கிறார்கள். மட்டையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் இழுக்கிறார்கள். பெண் பிள்ளைகள் கோணியும் மூங்கிலும் வைத்து வீடு கட்டி, அதற்குள் பூவரச இலை பீப்பி ஊதிக் கல்யாணம் நடத்துகிறார்கள். ஒரு மூலையில் நொண்டி ஆட்டத்துக்குக் கட்டம் எப்போதும் கிடக்கும். கிட்டிப்புள்ளுக்கு மட்டும் தனியாக ஒதுக்கிய இடம், கண்ணில் பட்டுவிடும் என்பதால்.

வெளிநாட்டில் இதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. டென்மார்க்கில் சோரென்சன் என்ற நிலவடிவமைப்பாளர், தான் பார்த்துப் பார்த்து அமைத்த விளையாட்டுத் திடல்களைவிட, கட்டட வேலை நடக்கும் இடத்தில் கிடக்கும் பலகையிலும் மண்ணிலும் பிள்ளைகள் ஆசையாக விளையாடுவதைக் கவனித்தார். 1943-இல் கோபன்ஹேகன் நகருக்குப் பக்கத்தில் எம்ட்ரப்பில் பழைய சாமான்களைக் கொட்டி ஒரு திடல் திறந்தார்கள். 1946-இல் அதைப் பார்த்த மார்ஜரி ஆலன் என்ற அம்மையார் அந்த யோசனையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், குண்டு விழுந்து இடிந்து கிடந்த மனைகளில் அப்படிப்பட்ட திடல்கள் வரக் காரணமானார். கல்லிடைக்குறிச்சி அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் கேள்விப்பட்டதில்லை. "நம்ம தெருவுல வீடு கட்ட மணல் கொட்டுனா புள்ளைய எல்லாம் எங்க கெடக்கும், அதத்தான் பாத்தேன்" என்றார். எண்பது வருஷ இடைவெளியில் இரண்டு பேரும் பார்த்தது ஒன்றேதான்.

மண்ணில் விளையாடுவதால் உடம்புக்கு நன்மை உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். பின்லாந்தில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வு ஒன்றில், சிறுவர் காப்பகங்களின் முற்றத்தில் காட்டு மண்ணும் செடியும் புல்லும் கொண்டுவந்து போட்டுப் பிள்ளைகளை விளையாடவிட்டார்கள். 28 நாளில் அவர்கள் தோலில் உள்ள நுண்ணுயிர் வகைகள் பெருகின, ரத்தத்தில் நோய் எதிர்ப்பைச் சீர்செய்யும் அறிகுறிகளும் கூடின. மொத்தம் 75 பிள்ளைகள்தான், சின்ன ஆய்வு. மண்ணில் புரண்டால் நோயே வராது என்று இதிலிருந்து நான் சொல்ல மாட்டேன். ஆனால் மண் பட்டாலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடும் அம்மாமார் கொஞ்சம் நிதானிக்கலாம். சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவினால் போதும். கை கழுவத் தனி இடம் இருக்கிறது, சோப்பும் இருக்கிறது.

செடி விஷயத்தில் அவர் எடுத்துக்கொண்ட அக்கறையை எல்லாப் பள்ளிக்கூடத்தாரும் வந்து பார்க்க வேண்டும். பூவுக்காக எல்லா இடத்திலும் வைக்கும் அரளி இங்கே இல்லை. வேலியோரம் இருந்த காட்டாமணக்கைப் பிடுங்கிவிட்டார். குன்றிமணிக் கொடி எங்கே முளைத்தாலும் எடுத்துவிடுகிறார். சிவப்பும் கறுப்புமாகப் பார்க்க அழகாக இருப்பதால் பிள்ளைகள் வாயில் போடுவார்கள், கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. காட்டாமணக்கு விதையைத் தின்றுவிட்டு வாந்தியும் வயிற்றுப்போக்குமாக வரும் பிள்ளைகளை நாங்கள் பார்க்கிறோம். கொட்டை மாதிரி இனிப்பாக இருக்கும் என்பதால் ஒருவன் தின்றால் கூட இருக்கும் நாலு பேரும் தின்றிருப்பார்கள். இவற்றுக்குப் பதிலாகச் செம்பருத்தி, நந்தியாவட்டை, துளசி, கற்பூரவல்லி, வாழை, சேம்பு. சேம்பு இலையைக் கடித்தால் நாக்கு அரிக்கும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். வெளி வேலி கிளுவை. அதன் முள் உள்பக்கம் வராமல் வெட்டிவிட்டு, உள்ளே ஒரு வரிசை கம்பி வலை கட்டியிருக்கிறார். கால்வாய்ப் பக்கம் மட்டும் வலை ஆளுயரம், கதவும் கிடையாது. அங்கே இரண்டாம் பேச்சுக்கே இடமில்லை.

பாம்பு, தேள் பற்றி எல்லாரும் கேட்பார்கள். பொதிகை மலை எட்டிப் பார்க்கும் ஊரில் பாம்பே வராது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கற்குவியலும் மட்டைக் குவியலும் அவற்றுக்குப் பிடித்த இடம். தினமும் காலையில் அவர் நீளக் கம்பால் குவியலைக் கிளறி, மட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டபிறகுதான் கதவைத் திறக்கிறார். குவியலை ஒரு மேடையின் மேல் வைத்திருக்கிறார், தரையோடு சேர்ந்து கிடக்காது. இருட்டில் யாருக்கும் அனுமதி இல்லை. வாசலில் ஒரு பலகையில், கடித்தால் கட்டாதே, கீறாதே, ஓடவிடாதே, கடிபட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போ, 108-ஐக் கூப்பிடு என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். வாசகம் முழுக்கச் சரியாக இருக்கிறது. தென்னைக்கு அடியில் கல் அடுக்கி வளையம் போட்டிருக்கிறார், அந்த வளையத்துக்குள் போய் யாரும் விளையாடக் கூடாது. தேங்காயையும் காய்ந்த மட்டையையும் மாதம் தவறாமல் ஆள் வைத்து இறக்கிவிடுகிறார்.

இனி குறைகள். முதல் குறை கழிப்பறை. ஒன்றே ஒன்றுதான், அதுவும் பெரியவர்கள் அளவுக்குக் கட்டியது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வரிசை நிற்கிறது. சின்னப் பிள்ளைகளால் பொறுக்க முடியாது. இன்னொன்று சீக்கிரம் கட்ட வேண்டும்.

இரண்டாவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. நடக்க முடியாத பிள்ளைகள் உள்ளே வர வழி சரியில்லை. வாசலில் இருந்து மணல் குழி வரை சக்கர நாற்காலி போகாது, ஆட்டுரல் பாதைக்குப் பக்கத்தில் கெட்டித்தரைப் பாதை ஒன்று வேண்டும். மணல் குழிக் கரையின் ஒரு பக்கத்தை மேசை உயரத்துக்கு உயர்த்திவிட்டால் நாற்காலியில் இருந்தபடியே மணலில் கை வைக்கலாம். இதைச் சொன்னேன். அவர் நோட்டில் குறித்துக்கொண்டார், ஆனால் பணம் வர வேண்டும். எங்கள் பகுதியில் மூளை வாதம் உள்ள பிள்ளைகளை வைத்துக்கொண்டு வெளியே எங்கும் கூட்டிப்போகாமல் இருக்கும் அம்மாமார் எனக்குத் தெரியும். அவர்களுக்குத்தான் இந்தத் தண்ணீரும் மணலும் எல்லாரையும்விட முன்னால் போய்ச் சேர வேண்டும்.

மூன்றாவது நிழல். வேம்பும் பூவரசும் இருக்கும் பக்கம் குளுமையாக இருக்கிறது, பம்புப் பக்கம் வெட்டவெளி. புதிதாக நட்ட புங்கம் இன்னும் இடுப்பளவுதான். அது வளரும்வரைக்கும் ஓலைப் பந்தல் போடலாம். நாலாவது, முசுறு எறும்பு. நாவல் மரத்தில் சில மாதங்களில் கூடு கட்டிவிடுகிறது. மருந்தடிக்க அவர் சம்மதிப்பதில்லை, கூட்டை வெட்டி எடுத்துப்போய் வேறிடத்தில் விடுகிறார். அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும், அந்த நாட்களில் நாவல் மரம் கிடையாது.

இன்னொரு குறை வருகிறவர்கள் பற்றியது. விடுமுறை நாளில் சில பெற்றோர் பிள்ளையை விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடுகிறார்கள். ஒரு பெண் தனியாக முப்பது பிள்ளைகளைப் பார்க்க முடியாது. ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையோடு பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் வந்து நிற்கிற பிள்ளையை அவரால் திருப்பி அனுப்ப முடியவில்லை.

கட்டணம், சாதாரண நாளில் எதுவும் இல்லை. சனி, ஞாயிறு பிள்ளைக்கு 20 ரூபாய். உள்ளூர்ப் பிள்ளைகள் காசில்லாமல் வந்தாலும் உள்ளே விடுகிறார். வருகிற காசு கயிறு, தும்பு, சோப்பு, தேங்காய் இறக்கக் கூலி இவற்றுக்கே சரியாகப் போகிறது. பற்றாக்குறையை அப்பளத்தில் வரும் வருமானத்திலிருந்து போடுகிறார். வெளியூரிலிருந்து காரில் வருகிறவர்களிடம் 50 ரூபாய் வாங்கலாம் என்பது என் கருத்து. கொடுக்கத் தயாராகத்தான் இருக்கிறார்கள். பக்கத்தில் உள்ள பள்ளி ஒன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் சின்ன வகுப்புப் பிள்ளைகளை அழைத்து வருகிறார்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. மைதானம் சின்னதாக இருக்கும் பள்ளிகள் இப்படி வாரம் ஒரு நாளாவது வெளியே கூட்டி வருவது நல்ல ஏற்பாடு.

திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போகும் பேருந்துகள் கல்லிடைக்குறிச்சியில் நிற்கும். செங்கோட்டை ரயில் பாதையிலும் ஸ்டேஷன் உண்டு. இறங்கி, அப்பளம் போடும் அக்காவின் விளையாட்டுத் திடல் எங்கே என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் கொண்டுவிடுகிறார்கள். காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை, சாயங்காலம் நாலிலிருந்து ஆறரை வரை. செவ்வாய்க்கிழமை இல்லை. மாற்றுத் துணி இரண்டு செட், துண்டு, குடிக்கத் தண்ணீர் கொண்டு போங்கள். வெள்ளைத் துணி போட்டு அனுப்ப வேண்டாம், பூவரசுக் கறை போகாது. தின்பண்டம் உள்ளே விற்பதில்லை, வீட்டிலிருந்து கொண்டு போகலாம், பிளாஸ்டிக் உறையோடு மட்டும் கூடாது. சாரல் காலத்தில் போவது பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும், மண் இளகி வாய்க்கால் வெட்டச் சுலபமாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஆட்டுரல் பாதையையும் மரங்களையும் கயிறு கட்டி அடைத்துவிடுகிறார். கால்வாயில் தண்ணீர் கூடினால் திடலையே மூடிவிடுவார். அந்த மாதங்களில் தூரத்திலிருந்து வருகிறவர்கள் ஊரில் தெரிந்த யாரிடமாவது கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.